அம்மனுக்கு வாங்கிய சிவப்புத் தகரம்

இதை எழுத எனக்கு நாலு வருஷமாகத் தைரியம் வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டியவள். பிழை வருமோ என்ற பயம் ஒரு பக்கம். அம்மன் விஷயத்தைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும், "எல்லாக் கூரையும் துருப்பிடிச்சுக் கெடக்கு, இந்த ஒரு வீடு மட்டும் ஏன் செவப்பு? கோயில் மட்டும் ஏன் நீலம்?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் லயம். பன்னிரண்டு வீடு ஒரே வரிசை, ஒரே நீளக் கூரை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்த வருஷம், எங்கள் வீட்டுக்கு மேல் இருந்த தகரம் சல்லடையாகிவிட்டது. மழை வந்தால் ஏழு இடத்தில் சட்டி வைப்பேன். பிள்ளை வருவதற்குள் கூரையை மாற்றிவிட வேண்டும் என்று டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் நீலத் தகரம் சொல்லி வைத்தோம். கொழும்புப் பக்கமிருந்து லொறியில் வர வேண்டும்.

அப்போதுதான் கொழும்பில் சனம் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. கேஸ் இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. டீவியில் பார்த்தால் ஆட்களும் கொடிகளும் கடல் மாதிரி. நாங்கள் ஒரு மைல் நடந்துபோய் விறகு பொறுக்கினோம். அங்கே எரிந்த டயரின் புகை எங்கள் மலைக்கு வரவில்லை. அது செய்த வேலை மட்டும் வந்தது.

மகளுக்கு வலி எடுத்து, நுவரெலியா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மத்தியானம் லொறி டிரைவர் போன் எடுத்தார். சிங்களவர். லைன் விட்டு விட்டுக் கேட்டது. எனக்குச் சிங்களம் தெரியும் என்று வீட்டில் ஒரு பெயர். சின்ன வயதில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு நின்றவள். அவர் சொன்னதில் "வஹலா" என்பதும் "ஹெட்ட" என்பதும் காதில் விழுந்தன. ஹெட்ட என்றால் நாளைக்கு. வஹல என்றால் கூரை.

"நாளைக்குக் கூரை வருதாம்!" என்று கத்தினேன்.

"சரியாக் கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கா சிங்களம் தெரியாது?"

மறுநாள் விடிந்ததும் அவரும் கொழுந்தனாரும் மேலே ஏறி ஆணியைப் பிடுங்கினார்கள். பழைய தகரம் கையோடு அப்பளமாக உடைந்து வந்தது. கடைசித் தகரமும் இறங்கியபோது, ஐயோ, அந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வேன்! நான் வாழ வந்து இருபத்தாறு வருஷம். புகைக்கரி பிடித்த அந்தச் சுவர் வெயிலைப் பார்த்தது அன்றைக்குத்தான். மூலையில் இருந்த அம்மன் படத்தின் முகத்தில் நேராக வெயில் விழுந்தது. அவள் மூக்குத்தியில் பச்சைக்கல் இருக்கிறது என்றே அதுவரை எனக்குத் தெரியாது. கும்பிட்டபடி நின்றுவிட்டேன்.

பத்து மணியாயிற்று, பதினொன்று ஆயிற்று. லொறி வரவில்லை. வீட்டுக்காரர் கடை முதலாளிக்குப் போன் போட்டார்.

"லொறியா? அதுதான் பாதைய மூடிட்டாங்கன்னு டிரைவர் நேத்தே ஒங்க வீட்டுக்குச் சொன்னாரே. நாளைக்குப் பார்ப்போம்னாரே!"

பாதை மூடியாகிவிட்டது என்பதற்கும் சிங்களத்தில் வஹலாதான். கூரைக்கு வஹல. கடைசி எழுத்தை இழுப்பதில்தான் வித்தியாசம். நான் அந்த இழுப்பை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு மணி நேரம் கழித்து மகள் போன் எடுத்தாள். "அம்மா, டிக்கெட் வெட்டிட்டாங்க, வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க. அவரு வரிசையில நின்னு ஆட்டோவுக்குப் பெற்றோல் எடுத்துட்டாரு. சாயங்காலம் வந்துருவோம். கூரை போட்டாச்சா?"

"நீ வா, தங்கம்" என்று மட்டும் சொன்னேன்.

மேற்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பிள்ளை. பக்கத்து வீட்டார் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் ஒன்பது பேர், மற்றதில் காய்ச்சல். அதோடு தீட்டு வேறு. ஒருவரையும் குறை சொல்ல முடியாது.

கோயில் தலைவர் அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். திறந்து கிடந்த வீட்டை எட்டிப் பார்த்தார்.

"கொழும்புல ஆட்சியப் பிரிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க என்னப்பா கூரையப் பிரிச்சு வச்சிருக்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். பிறகு, "கோயிலுக்கு வாங்குன செவப்புத் தகரம் மடத்துல அடுக்கியிருக்கு. எடுத்துட்டு வாங்க" என்றார்.

கோயில் கூரைக்காக லயத்துச் சனம் வருஷக்கணக்கில் சேர்த்து வாங்கியது அது. "வேணாண்ணே. சாமி சொத்து. தீட்டு வீடு வேற. ஏழு தலைமுறைக்கு ஆகாது."

"ஆத்தா இத்தனை வருஷமா ஒழுகுற கூரைக்குக் கீழதான் இருக்கா. இன்னும் கொஞ்ச நாள் இருப்பா. பச்சப்புள்ள இருக்குமா?"

"ஆத்தா உத்தரவு குடுக்குறாளான்னு பூக்கட்டியாவது பாத்துருவோம்ணே."

"பூக்கட்ட நேரமில்ல தங்கச்சி, மேகத்தப் பாரு. அவ பேருலயே அம்மான்னு இருக்கு. பெத்தவ தீட்டு அவளுக்குத் தெரியாததா?" என்றவர், திரும்பி நடக்கும்போது, "ஒஞ் சிங்களத்த நம்பி ஆத்தாளே நனையப் போறா" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட மாதிரி ஆட்கள் வந்து நின்றார்கள். தலையில் தகரத்தோடு வரிசையாகத் தேயிலைக்கு நடுவே இறங்கியதைப் பார்த்தபோது, தேருக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது எனக்கு. நான் கோயிலுக்கு ஓடி, வாசலில் விழுந்து கும்பிட்டேன். "தாயே, தப்பு என்னோடது. புள்ளய விட்டுரு" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மழை அடுத்த மலையில் வெள்ளையாக நின்றது. எங்களுக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. கடைசி ஆணி அடித்து இறங்கினார்கள். ஆட்டோ வந்தது. மகள் பிள்ளையோடு வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள்! ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. அவ்வளவு சத்தத்திலும் பிள்ளை முழிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தபடி நின்றோம்.

எட்டு நாள் கழித்து எங்கள் நீலத் தகரம் வந்தது. தீட்டு வீட்டில் கிடந்ததைக் கழற்றிச் சாமிக்குப் போடக் கூடாது. அதனால் நீலம் முழுவதும் கோயிலுக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த முதல் மழைக்கு நான் குடையில்லாமல் கோயிலுக்கு ஓடினேன். எங்களுக்கென்று வாங்கிய தகரத்தின் கீழே அவள் நனையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று வாங்கியதன் கீழே என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிலர், அம்மன் தலைவர் கனவில் வந்து சொன்னாள் என்கிறார்கள். வரவில்லை. சிலர், நாங்கள் கோயில் தகரத்தைத் தூக்கிவிட்டோம் என்கிறார்கள். தூக்கவில்லை. படிக்கிற நீங்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம். தலைவர் அண்ணன் சொன்னதைக் குறைக்க வேண்டாம். எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் நான் வஹலாவை வஹல என்று கேட்டதையும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் என் தப்பைப் பொறுத்து அம்மன் செய்தது விளங்காது.