சூடாக அளந்த சிலிண்டர்

எதையும் நேரத்தோடு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஜொகூரில், பண்டார் தெங்காராவுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடை எழுத்தராக இருக்கிறேன். லாரி ஏறிய நேரம், இறங்கிய நேரம், எடை. இருபது வருடமாக இதையே எழுதுகிறவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருக்காது. மழை பிடித்த நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாம் என் நோட்டில் இருக்கும். இதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் வட்டார மோட்டார் சைக்கிள் மன்றம் என்னைப் பந்தயக் குறிப்பாளராக வைத்துக்கொண்டது. நான் வண்டி ஓட்டுகிறவன் அல்ல. புத்தகம் படிக்கிறவன்.

எங்களுடையது டிராக் ரேஸ். அடைத்த சாலையில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், விளக்கு மாறியதும் இருநூறு மீட்டர் பாயும், பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். பெரிய வண்டிகள் இல்லை. வேலைக்கும் சந்தைக்கும் எல்லாரும் ஓட்டும் சின்ன வண்டி, கப்சாய்தான். ஓட்டம் பத்து விநாடி என்றால் அதைப் பற்றிய சண்டை ஒரு மணி நேரம் நடக்கும்.

சண்டை பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் பிரிவில் வரும். அதில் இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு. தேய்ந்துபோன சிலிண்டரை அரை மில்லிமீட்டர் வரை கடைந்துகொள்ளலாம். உள்விட்டம் ஐம்பத்தேழு மில்லிமீட்டர் ஐம்பத்தேழரை ஆகலாம், அதற்கு மேல் ஒரு இம்மியும் கூடாது. சிலிண்டர் பெரிதானால் வேகம் கூடும். யாருக்காவது சந்தேகம் வந்தால் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் எதிர்ப்பவனும் தன் இயந்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும், முதலில் குற்றம் சாட்டப்பட்டவனுடையது, பிறகு எதிர்த்தவனுடையது. இது எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. குற்றம் சொல்லப்பட்ட வண்டியை அதன் கூடாரத்துக்குக் கொண்டுபோக விடமாட்டோம். நின்ற இடத்திலேயே, சுற்றி ஆட்களை நிறுத்தி, உடனே திறப்போம். தள்ளிப்போட்டால் சாமானை மாற்றிவிடுவார்கள் என்ற பயம்.

தைப்பூசம் கழிந்த மூன்றாவது ஞாயிறு. மெர்சிங் பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு சாலையில், அனுமதி வாங்கி நடத்தினோம். இறுதி ஓட்டத்தில் ஜெயித்தவர் எங்கள் ஊரில் காப்பிக்கடைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவர். தோற்றவர் கூலாயில் பட்டறை வைத்திருப்பவர். இவர் ஆறு வருடம் அவரோடு ஒரே பட்டறையில் கூட்டாளியாக இருந்து, மனஸ்தாபப்பட்டுப் பிரிந்தவர். இருவரும் அதன்பின் பேசிக்கொண்டதில்லை. அன்று பேசினார்கள்.

“பிளாக் திறங்க பாஸ். ஐம்பத்தெட்டு போட்டு வந்திருக்கீங்கன்னு சத்தத்துலயே தெரியுது” என்றார் கூலாய்க்காரர், சிலிண்டரைக் காட்டி.

“திறக்கறேன். கொஞ்சம் ஆறட்டும்.”

“ஆறட்டுமாம்! அலமாக், டீ ஆத்துறாரு பாருங்கடா!”

கூட்டம் சிரித்தது. “கள்ள பிளாக் எல்லாம் ஆறினாத்தான் சுருங்கும் லா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜெயித்த பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்தார். கையுறை போட்டுத்தான் திறக்க முடிந்தது.

“என்ன பாஸ், கையுறையெல்லாம் எதுக்கு?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“சுடுதுடா. வந்து தொட்டுப் பாரு.”

அதிகாரிகள் மூன்று பேர் உள்விட்டம் அளக்கும் கருவியை மாற்றி மாற்றி விட்டார்கள். ஐம்பத்தேழு புள்ளி ஐந்து மூன்று. வரம்புக்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு, தலைமயிரின் பாதித் தடிமன். பட்டறைக்காரர் இன்னொரு முறை சொன்னார், இந்த முறை கத்திச் சொன்னார்: “சூடா இருக்கு, சூடா அளக்குறீங்க!” மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தகுதி நீக்கம் என்று எழுதினேன்.

உடனே மழை பிடித்தது. எல்லாரும் கூடாரத்துக்குள் ஓடினோம். மழை விட்டு, தேநீர் குடித்து முடித்த பிறகு கூலாய்க்காரரின் இயந்திரத்தைத் திறந்தார்கள். சரியாக ஐம்பத்தேழரை. கைதட்டினார்கள்.

ஊரில் அந்தச் செய்தி ஞாயிறு சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. ஒரு கோப்பை போனால் என்ன, அவருக்குக் கோப்பையா பெரிது? அவர் பிழைப்பே ‘நேர்மையான ஆள்’ என்ற பெயரில்தான் நின்றது. வண்டியை விட்டுவிட்டு, “என்ன வேணுமோ செஞ்சிடுங்க” என்று போனவர்கள் இப்போது பக்கத்திலேயே கைகட்டி நின்று, கழற்றும் ஒவ்வொரு சாமானையும் பார்த்தார்கள். பிறகு நிற்கவும் வரவில்லை. பந்தயத்துலயே ஏமாத்துறவன் நம்ம வண்டியில என்ன பண்ணமாட்டான் என்று காப்பிக்கடையில் அவர் காதில் விழும்படியே பேசினார்கள். தீபாவளிக்கு முன் பட்டறையில் பூட்டுத் தொங்கியது. அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் பழுதுபார்க்கப் போனார். விடியுமுன் கிளம்பி, ஜொகூர் பாரு பாலத்தில் மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்று, இருட்டிய பிறகு திரும்பும் வேலை.

ஆண்டுக் கடைசியில் நான் நோட்டிலிருந்து பந்தயக் குறிப்புகளைச் சுத்தப் பிரதி எடுத்தேன். அந்த ஞாயிறின் பக்கம் வந்தது. ஓட்டம் முடிந்தது 3.12. முதல் சிலிண்டர் அளந்தது 3.31. மழை 3.40. இரண்டாவது சிலிண்டர் 4.50. இரண்டு அளவுகளுக்கும் கீழே என் கையெழுத்திலேயே இன்னொரு குறிப்பு: இரண்டும் ஜொகூர் பாருவில் ஒரே கடைசல் பட்டறையில் கடைந்தவை என்று இருவரும் சொன்னது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்று பத்தொன்பது நிமிடத்தில் அளந்தது. மற்றது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் மழைக்காற்றில் ஆறியது. சூட்டில் உலோகம் விரியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தேன். பதினான்காம் விதி: இயந்திரம் வெறுங்கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே அளக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும் அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

மன்றத் தலைவரைப் பார்க்கப் போனேன். நோட்டைப் பார்த்தார். மறுக்கவில்லை.

“இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? அப்பீல் அரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த ரூலயும் நீங்கதானே டைப் பண்ணீங்க.”

“அரை மணி நேரத்துல அந்தச் சிலிண்டரே ஆறியிருக்காதே.”

“மூணு பேரு அளந்தாங்க. இப்ப மாத்தினா மூணு பேரும் முட்டாளுன்னு ஆகும். அவரே பேசாம இருக்காரு, விடுங்க லா.”

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வாரத்தில் விடுமுறை அது ஒன்றுதான். வாசலில் உட்கார்ந்து வேலைக்காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தலைவர் சொன்னதையும் சேர்த்து. அவர் உள்ளே போய் ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்தார். அதே சிலிண்டர். எண்ணெய் பூசி வைத்திருந்தார்.

“ஐம்பத்தேழரை, அண்ணே. நான் எத்தனை தடவை அளந்திருப்பேன்னு எனக்கே தெரியாது. யார்கிட்ட காட்டுறது?”

“எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது, தம்பி.”

“நோட்ட குடுங்க.”

கொடுத்தேன். அந்தப் பக்கத்தை விரலால் வரிவரியாகப் படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார்.

“நான் அன்னைக்கு ரெண்டு தரம் சொன்னேன். சூடா இருக்குன்னு. அத எழுதினீங்களா?”

“இல்ல.”

அவர் நோட்டை மூடி, அட்டையில் பட்ட எண்ணெயைத் துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

“மழைய எழுதியிருக்கீங்க” என்றார்.