மூன்றாவதாக நிற்பது என் குக்கர்

2006-ஆம் ஆண்டு கோடையில், மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. கணவருக்கு துபாயில் வேலை. அவரோடு பேசுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் என்னை அந்தக் கட்டடத்தின் மகாராணி ஆக்கியிருந்தன. ஜப்பானில் சதுரமாக விளைந்த தர்ப்பூசணி, இரட்டைத் தலை ஆமை, மரத்துக்குள் புதைந்துபோன சைக்கிள் என்று உலகத்தில் எந்த மூலையில் விநோதம் நடந்தாலும் ஈமெயிலில் எனக்கு வந்துவிடும். வந்த வேகத்தில் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். சாயங்காலமானால் “இன்னைக்கு என்ன வந்திருக்கு?” என்று கேட்டுக்கொண்டே கட்டடத்துப் பெண்கள் வடையும் கையுமாக என் வீட்டில் கூடிவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

அப்போதுதான் தரைத்தளத்துக்கு ஒரு பெண் குடிவந்தாள். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. கையில் டிஜிட்டல் கேமரா, இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு வலைப்பூ. தாம்பரம் மார்க்கெட்டில் வெயிலுக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு மீன் விற்கிறவர், கோவளத்தில் படகுக்குள் குட்டி போட்ட நாய் என்று தானே தேடிப் பிடித்துப் படம் போடுவாள். நான் ஜப்பானைக் காட்டிக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்துத் தெருவைக் காட்டினாள். கொஞ்ச நாளிலேயே வடையெல்லாம் தரைத்தளத்தோடு நின்றுபோயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே “வாங்கக்கா, பாருங்க” என்று கூப்பிடுவாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரி வாரத்தில் இரண்டு நாள் விடிகாலையில் வரும். முந்தின நாளே வரிசையில் இடம் போட்டுவிட வேண்டும். குடத்தை வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் யாருக்கும் வேண்டாத சாமானாகப் பார்த்து வைப்போம். செங்கல், அறுந்த செருப்பு, உடைந்த கீபோர்டு. என்னுடையது கைப்பிடி போய் அடி உப்பிய ஒரு பிரஷர் குக்கர். லாரி வந்ததும் அதை எடுத்துவிட்டுக் குடத்தோடு அந்த இடத்தில் நிற்பேன்.

புதிதாக வந்த லாரிக்காரர் ஒருமுறை, “இன்னாம்மா, குக்கர்ல தண்ணி புட்ச்சிகினு போய் அப்டியே சோறு வடிக்கப் போறியா?” என்று கேலி செய்தார். எனக்குக் கடுப்பாக இருந்ததே தவிர, இதில் ஒரு விநோதம் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

ஒருநாள் சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாரிடமிருந்து மெயில் வந்தது. உறவிலேயே எதையும் கடைசியாகப் பார்க்கிறவள் அவள்தான். “அண்ணி, இது உங்களுக்கு வந்துச்சா? ராஜஸ்தான்ல ஒரு கிராமத்துல மனுஷங்களுக்குப் பதிலா சாமானெல்லாம் தண்ணிக்கு வரிசையில நிக்குதாம்!” என்று எழுதியிருந்தாள். படத்தைத் திறந்தேன். முதலில் செங்கல், அடுத்து செருப்பு, மூன்றாவதாக என் குக்கர்.

எங்கள் தெருவில் கேமராவும் கையுமாக அலைகிறவள் ஒருத்திதான். நேரே தரைத்தளத்துக்கு இறங்கினேன். “என் குக்கரை என்னைக் கேக்காம எப்படிப் படம் எடுத்துப் போடலாம்?” என்று சத்தம் போட்டேன்.

அவளுக்குக் கண் விரிந்தது. “ஐயோ அக்கா, அது உங்களோடதா? யாரோடதுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க!” என்றாள். அவள் வலைப்பூவில் படத்துக்குக் கீழே ஊர் உலகமெல்லாம் அந்தக் குக்கரைப் பற்றித்தான் எழுதியிருந்தது. வாரம் இரண்டு முறை நான் என் கையாலேயே தூக்கி வைத்த சாமான். அதை அதிசயமாகப் பார்க்க இவள் வர வேண்டியிருந்ததே என்று இன்னும் எரிந்தது.

நாத்தனார் அனுப்பிய மெயிலைப் பற்றிச் சொன்னேன். மாடிக்கு வந்து பார்த்தவளுக்கு முகம் வாடிவிட்டது. படத்தின் மூலையில் அவள் போட்டிருந்த வலைப்பூவின் பெயரை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். “பேரையும் காணோம், ஊரையும் காணோம். போகட்டும்க்கா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது நிலைக்கவில்லை. என் குக்கர் எப்படி ராஜஸ்தானுக்குப் போகலாம்? அது என்னுடையது என்று சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொன்னால், படம் யாருடையது என்ற கேள்வி வரும். வெகுநேரம் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மெயிலில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தட்டினேன்: “இது ராஜஸ்தான் இல்லை, மேடவாக்கம். படம் எடுத்தது எங்கள் கீழ் வீட்டுப் பெண். மூன்றாவதாக நிற்பது என் குக்கர்.” அவள் வலைப்பூவின் முகவரியையும் சேர்த்தேன்.

மறுநாள் அவள் மேலே வந்து, “யார் யாரோ எனக்கு எழுதுறாங்க. தேங்க்ஸ்க்கா” என்றாள். குக்கரோடு என்னை ஒரு படம் எடுக்கட்டுமா என்றும் கேட்டாள். யோசிப்பது போலக் கொஞ்சம் பாவனை செய்துவிட்டு, நல்ல புடவையாகப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்தேன்.

அவள் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லையே என்ற பொறாமை இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. ஆனால் செல்போனில் எந்த விநோதப் படம் வந்தாலும், அதை அடுத்தவருக்குத் தள்ளிவிட விரல் போகும்போது, இது என்னுடையது என்று சொல்ல வழியில்லாமல் எந்த ஊரில் எவள் தவித்துக்கொண்டிருக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.