மகளுக்குப் பதிலாக நீட்டிய கை

அவர் கல்மண்டபம் மீன்சந்தையில் கூடை சுமப்பவர். பேசுவதற்குமுன் உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொள்வார். மகளுக்கு ஓயாத சோகை. பெற்றோர் வழியாக வரும் எந்த என்சைம் குறையால் சிவப்பணு உடைகிறதென்று எங்கள் ஆய்வகம் பிரித்துச் சொல்ல வேண்டும். பரிசோதனை முடிவில் குறையே இல்லை. மாதிரி எடுத்ததற்கு முந்தின நாள்தான் அவளுக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள்.

"இதுல இருக்கறது ரத்தம் கொடுத்தவங்களோட அணுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றேன்.

"அப்ப எம் பொண்ணு ரத்தம் எங்க கீது மேடம்?"

மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்தார்.

"பாப்பா வரலையா?"

உள்ளங்கையைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"மூலக்கொத்தளத்துல பொதைச்சிட்டோம். வூட்ல மறுபடியும் முழுகாம கீது. என்னுத எடுத்துப் பாரு."

ஊசி இறங்கியதும் குழாயில் ஏறும் ரத்தத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். தன் ரத்தத்தை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.