யாருக்கும் தராத உப்புக் கணக்கு

அவளுக்கு ஆய்வு நிதி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, போனில் வாழ்த்து அனுப்பினேன். கூடவே ஒரு பூங்கொத்துப் படமும். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது விரல் மட்டும் எப்படி அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது என்று தெரியவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே ஆய்வுப் பொருள். பாகூர்ப் பக்கத்து போர்வெல்களில் கடல் உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. கடலோரப் பனித்திட்டிலிருந்து உள்ளே கரும்புக் கொல்லைகள் வரை நான் ஸ்கூட்டியில் அலைந்து தண்ணீர் பிடித்தேன். அவளுக்கு அந்தக் கஷ்டமும் குறைவு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு வில்லியனூரில் பம்ப் மோட்டார் சாமான் கடை. பாதி விவசாயிகளுக்கு அவள் ‘பாய் கடைப் பொண்ணு’. நான் வெயிலில் நின்று நான் யாரென்று விளக்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அதற்குள் மோர் வந்திருக்கும்.

இருவரும் போட்ட நிதி விண்ணப்பத்தில் தரவு மேலாண்மைத் திட்டம் என்று ஒரு பகுதி உண்டு. சேகரிக்கும் அளவுகளை எங்கே வைப்பீர்கள், யாருக்கு எப்போது கொடுப்பீர்கள், கொடுக்க முடியாதென்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் கடைசி நாளில் ஒரே வரி எழுதினேன்: மக்களின் நம்பிக்கையைக் காக்கும் பொருட்டுத் தரவு பகிரப்படாது.

பொய்யில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் நிலத்தையும் பார்ப்பார்கள், போர் தண்ணீரை ஒரு வாய் குடித்தும் பார்ப்பார்கள். உப்பு என்றால் சம்பந்தப் பேச்சு அங்கேயே படுத்துவிடும். ஒரு விவசாயி என்னிடமே சொன்னார், “புள்ளைக்குப் பொண்ணு பாக்குறோம்மா. பக்கத்துக் கழனிக்காரனுக்குக்கூட இது தெரியக் கூடாது.” ஆனால் அது மட்டும் காரணமில்லை. நான் வெயிலில் அலைந்து எடுத்த எண்களை வைத்து இன்னொருத்தி கட்டுரை எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இந்தத் தண்ணீர் குடிக்கும் கதையை, விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே, கேன்டீனில் அவளிடம் சொல்லிச் சிரித்ததும் நான்தான். அவள் சிரிக்கவில்லை. போய் ஒவ்வொரு விவசாயியிடமும் கேட்டிருக்கிறாள். பிறகு எழுதியிருக்கிறாள்: கிணற்றின் இடம் வராது, ஊர்ப் பெயர் மட்டும் வரும், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுக் கிணற்றின் உப்பளவு, பேச்சு முடிந்த பிறகே வெளியாகும், வேண்டாம் என்பவருடையது வெளியாகவே ஆகாது. மதிப்பீட்டுக் குழு அந்தப் பகுதியைத் தனியாகப் பாராட்டியிருந்தது. என்னுடையதற்கு, ‘மறுப்பதற்கான காரணம் போதாது’.

“நீ சொன்னதுலதான்டி எனக்கு இந்த ஐடியாவே வந்துச்சு,” என்று ஸ்வீட் பாக்ஸை நீட்டினாள். அதுதான் அதிகமாக எரிந்தது. திருடியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடியே தன் அளவுகளைப் பொதுவில் போட்டாள். அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து அதில் தப்பு தேடினேன். ஒன்றாவது கிடைக்கும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்! கிடைக்கவில்லை.

இந்த வருடம் திரும்பவும் விண்ணப்பித்தேன். இப்போது, அளவு எடுத்த கிணறுகளின் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் பகிரச் சம்மதித்தார்களா என்று கேட்கிறார்கள். என் லேப்டாப் நிறைய எண்கள். ஒன்றுக்குக்கூட நான் யாரையும் கேட்டதில்லை. சம்மதம் இல்லாவிட்டால் அத்தனை அலைச்சலும் வீண். மறுபடி ஸ்கூட்டியை எடுத்தேன்.

முதல் கொல்லையில் மோட்டார் கொட்டகை நிழலில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். பெயர் வராது, இடம் வராது, வேண்டாமென்றால் எடுத்துவிடுவேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“இன்னாம்மா, பாய் கடைப் பொண்ணு அனுப்ச்சி வந்தியா? அதுவும் இதையேதான் கேட்டுச்சி. அது அனுப்ச்சிதுன்னா சொல்லு, கையெழுத்துப் போட்டுடறேன்.”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் பேனாவுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க,” என்றேன். “அதுதான் அனுப்புச்சு.”