கதிரைக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்

யார் என்ன கேட்டாலும் என் தம்பி ராகுலனுக்கு "ஏலாது" என்ற சொல் வாயில் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்ட ஒருவன் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணம் போகிறான் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பது கொழும்புத் தமிழருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போகிற நாளுக்கு ஒரு கிழமை முந்தியே பார்சல் வரத் தொடங்கும். "சின்னப் பார்சல்தான், கையோடை கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ" என்பார்கள். மூக்குக்கண்ணாடி, மருந்து, வெளிநாட்டுச் சொக்கிலேற், கலியாணச் சேலை என்று வந்து குவியும். யாழ்ப்பாணத்தில் இப்போது இல்லாத கடை இல்லை. இருந்தாலும் கொழும்பிலிருந்து ஒருவர் போகும்போது அவரை வெறுங்கையோடு போகவிடுவது எங்கள் ஆட்களுக்குப் பாவம் மாதிரி. வாங்க மறுத்தால் அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

இந்த வழக்கத்தோடு மோதியவள் ராகுலனின் மனைவி தாரிகா. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறாள். ஆள் மெலிவு, குரல் அதைவிட மெலிவு. கலியாணமாகி வந்த புதிதில் "இந்தப் பிள்ளைக்கு வாயே இல்லையே" என்று நாங்கள் கவலைப்பட்டோம். வாய் இல்லாதவர்களிடம்தான் உடும்புப் பிடி இருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சங்கவி நாலாம் ஆண்டு படிக்கிறாள். குறைமாதத்தில் பிறந்தவள், கால்களுக்குப் பலம் வரவே இல்லை. அதையும் சேர்த்துக் கைகளுக்கும் வாய்க்கும் கடவுள் கொடுத்துவிட்டார். சக்கரக் கதிரையில் ஏறிவிட்டாள் என்றால் பிடிக்க முடியாது. பிளாட்டின் லிஃப்ட்டில் தானே இறங்கி, கீழே இருக்கும் கடையில் தானே பென்சில் வாங்கி, மிச்சத்தைச் சிங்களத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். இளையவன் கபிஷன் நேர்சறிக்குப் போகிறான். அவனுக்குப் பலமெல்லாம் கால்களில்தான்.

போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கு வேன் பிடித்துப் போனார்கள். நானும் போனேன். காலையில் பார்சல்கள் ஏறி முடிந்தபோது சங்கவியின் கதிரைக்கு இடமில்லை. மடித்தாலும் அது ஒரு அரிசி மூட்டையின் இடத்தைப் பிடிக்கும். "கொஞ்ச நாள்தானே, நான் தூக்குவன்" என்றான் ராகுலன். கதிரை பிளாட்டில் கதவுக்குப் பின்னால் தங்கிவிட்டது.

அவன் தூக்கத்தான் செய்தான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்குகிறவன் போகிற இடத்துக்குத்தானே தூக்கப்படுகிறவள் போகலாம். கீரிமலையில் மற்றப் பிள்ளைகள் ஓடித் திரிய, அவள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல் காத்தாள். நல்லூரில் ஐஸ்கிறீம் கடைக்குள் சனம் நெரிந்தது என்று அவளை வேனுக்குள்ளேயே இருக்கவிட்டார்கள். கடையில் வேலை செய்பவர் யன்னலருகே வந்து ராகுலனைப் பார்த்து, "பிள்ளைக்கு என்ன குடுக்க?" என்று கேட்டார். ராகுலன் "வனிலா" என்றான். சங்கவிக்கு வனிலா பிடிக்காது. அவள் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். அந்த வாயாடி பேசாமல் சாப்பிட்டதைத் தாரிகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மச்சாள், அடுத்த முறை முதல்லை கதிரை ஏறும். அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்" என்று தாரிகா திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னாள். ஆத்திரத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பே ஆயத்தத்தைத் தொடங்கிவிட்டாள். வேன்காரர் இஸ்ஸதீன் நானாவை வீட்டுக்கு வரச்சொல்லி, தையல் நாடாவோடு வேனின் பின்பக்கத்துக்குள் புகுந்து அளந்தாள்.

"என்னா தங்கச்சி, வேனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம் அவர்.

அளந்ததைக் கொண்டுவந்து ஹோலின் நிலத்தில் டேப் ஒட்டிக் கட்டம் போட்டாள். அந்தக் கட்டம்தான் வேன். கதிரையை மடித்து முதலில் அதற்குள் வைத்தாள். மிச்ச இடம்தான் குடும்பத்துக்கு. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் கட்டத்தைச் சுற்றித்தான் நடந்தார்கள். கபிஷன் மட்டும் உள்ளே இருந்து வேன் ஓட்டினான்.

அவள் சாமான் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். சூட்கேஸ் என்ற சாமானையே அவள் ஒதுக்கிவிட்டாள். "சும்மாவே இடம் பிடிக்கிற பெட்டி எங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாளைக்கு வேண்டிய உடுப்பை, உள்ளுடுப்பு உட்பட, ஒன்றாய்ச் சேர்த்து இறுக்கிச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டாள். காலையில் ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தால் போதும். தேடல், கிளறல் ஒன்றும் இல்லை. சுருள்களைத் தலையணை உறைக்குள் அடைத்தாள். அதுவே வேனில் பிள்ளைகள் தலைசாய்க்கும் தலையணை ஆகிவிட்டது. சங்கவியின் பட்டுப் பாவாடை கசங்காமல் துவாயைச் சுற்றிப் போனது. ராகுலன் இடுப்பில் உடுக்கும் சாரம் ஒன்று பிள்ளைகளுக்குப் போர்வையும் உடுப்பு மாற்றும்போது மறைப்புமாக இரட்டை உத்தியோகம் பார்த்தது. முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. கபிஷனுக்குப் புத்தளம் தாண்டமுன் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்துவிடும். ஆகவே தேசிக்காய், சொப்பிங் பை, ஒரு சுருள் உடுப்பு மூன்றும் அவள் காலடியில். திருவிழாக் காலம் என்பதால் வழிச் சாப்பாடு மரக்கறி ரொட்டி. ரொட்டியைச் சுற்றிய துணி இறங்கும்போது முகம் துடைக்க.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், போன வருஷம் வழிந்த அதே குடும்பம் இந்த முறை அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு மூலை மிச்சமும் இருந்தது. அந்த மூலையில் மூடி போட்ட ஒரு பெயின்ற் வாளியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"பார்சல் எல்லாம் இதுக்குள்ளைதான். மூடி பூட்டினாப் பிறகு ஆர் வந்தாலும் இல்லை" என்றாள்.

ராகுலனின் முகம் செத்துவிட்டது. "சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். சொல்லுக்கு இடம் தேவையில்லைத்தானே."

வாளி இரண்டு நாளில் நிரம்பியது. சுன்னாகத்தில் இருக்கும் என் சிநேகிதிக்குக் கொடுக்க, பாமன்கடையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் ஒரு கேக் டின்னோடு போனபோது மூடி பூட்டியிருந்தது.

"என்ன தாரிகா, எனக்குமா?"

"உங்களுக்கும்தான் மச்சாள். வேணுமெண்டா நீங்கள் மடியிலை வைச்சுக்கொண்டு வாங்கோ."

எனக்கு வந்த கடுப்புக்கு அளவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது சங்கவி தன் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து, "மாமி, இந்த முறை ஐஸ்கிறீம் கடைக்குள்ளை நான் தனியப் போவன்" என்றாள். அதற்குப் பிறகு கடுப்பை எங்கே வைத்துக்கொள்வது?

புறப்படும் காலை வந்தது. ஒழுங்கையின் முடிவில் கடல் இரைந்துகொண்டிருந்தது. ரயில் பாதையில் முதல் ரயில் போயிருந்தது. கதிரை முதலில் ஏறியது. பிறகு தலையணைகள், வாளி, தண்ணீர்க் கான். கையை நுழைக்க இடமில்லாமல், ஆனால் ஒன்றையும் நசுக்காமல் எல்லாம் இருந்தன. "அளந்த மாதிரியே ஈக்கிது" என்று இஸ்ஸதீன் நானா தலையை ஆட்டினார். பிள்ளைகள் ஏறியாயிற்று. நானும் கேக் டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

அப்போது ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ஹெவ்லொக் டவுனில் இருக்கும் சிவபாதசுந்தரம் மாமா, எங்கள் அம்மாவின் தமையன். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் ராகுலன் ஏ.எல். படித்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை என் தம்பி கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டான். மாமாவின் பின்னால் ஓட்டோக்காரர் இறக்கிய அட்டைப்பெட்டி, ரீவீப் பெட்டியைவிடப் பெரிது. நைலோன் கயிற்றால் நாலு பக்கமும் கட்டியிருந்தது.

"மகள் லண்டனிலை இருந்து அனுப்பினது. கொக்குவிலிலை என்ரை கடைசித் தங்கச்சி வீட்டிலை குடுத்துவிடு, ராகுலன்."

"மாமா, வேனிலை இடமில்லை" என்றாள் தாரிகா.

மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை. வேனின் பின்கதவுக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த வீல் செயாரை இறக்கு. நல்லூருக்கு இது என்னத்துக்கு? பிள்ளை என்ன பாரமே? நீ தூக்குவாய்தானே."

ராகுலன் மனைவியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவன் கை கதிரையின் பிடிக்குப் போனது. முடிந்தது கதை என்று நினைத்தேன். தாரிகா ஒன்றும் கத்தவில்லை. தன் கையைக் கொண்டுபோய் அவன் கைக்கு மேல் வைத்தாள்.

"இது இறங்கினா நாங்கள் மூண்டு பேரும் இறங்குவம். நீங்கள் பெட்டியோடை போய்ட்டு வாங்கோ."

"உன்ரை வீட்டிலை ஆர் முடிவெடுக்கிறதெண்டு எனக்கு விளங்கேல்லை, ராகுலன்" என்றார் மாமா. அவரிடம் அப்படி யாரும் கதைத்ததில்லை.

வேனுக்குள்ளிருந்து சங்கவி தலையை நீட்டினாள்.

"அப்பா, இறக்கிறதெண்டா என்னையும் இறக்கிவிடுங்கோ. கதிரை இல்லாட்டி என்னையும் பார்சல் மாதிரித்தானே தூக்கிக்கொண்டு திரிவியள்."

அழவில்லை, சிணுங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது போல் சாதாரணமாகச் சொன்னாள். ராகுலனின் கை கதிரையை விட்டது. அவன் மாமாவின் பக்கம் திரும்பினான்.

"ஏலாது, மாமா" என்றான்.

நாற்பது வயதில் என் தம்பி முதன்முதலாகச் சொன்ன ஏலாது. சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் நின்றான். மாமா அசையவில்லை. ஓட்டோக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

தாரிகாதான் மறுபடி கதைத்தாள். "பெட்டிக்குத்தான் இடமில்லை, மாமா. உள்ளுக்கு இருக்கிற சாமானுக்கு நான் இடம் எடுப்பன். பிரிக்க விடுவியளோ?"

கொடுத்தவர் கட்டிய பார்சலைக் கொண்டுபோகிறவர் பிரிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கேட்பதே மரியாதைக் குறைவு. ராகுலன் ரொட்டிக்கு வைத்திருந்த கத்தியை எடுத்தான். வெட்டவும் துணியாமல் வைக்கவும் துணியாமல் நின்றான்.

"வெட்டாதை. நல்ல கயிறு" என்றார் மாமா. பெருமூச்சு விட்டுக்கொண்டு அவரே குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

பெட்டிக்குள் பாதி, லண்டன் பேப்பர். கசக்கி அடைத்திருந்தார்கள். பெட்சீற்றுகள் கதிரையைச் சுற்றி மெத்தையாகப் போயின. ஷாம்புப் போத்தல்கள் உடுப்புச் சுருள்களுக்கு இடையில் ஒளிந்தன. சொக்கிலேற் பைகள் சீற்றுக்கு அடியில். கடைசியாக ஒரு பிஸ்கற் டின் மிஞ்சியது. அதை என் மடியில் கேக் டின்னுக்கு மேல் வைத்தாள். நான் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமா வெறும் பெட்டியோடும் சுற்றிய கயிற்றோடும் ஓட்டோவில் ஏறினார். "கதிரைச் சில்லிலை பெட்சீற் சிக்காமப் பார்" என்றார். இந்த முறை தாரிகாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்று பின்னேரமே நல்லூருக்குப் போனோம். கோயில் வீதியில் மணல் பரப்பியிருந்தபடியால் அங்கே ராகுலன்தான் கதிரையை இழுத்துத் தள்ளினான். வேர்த்து ஒழுகியது அவனுக்கு. கும்பிட்டு முடித்து ஐஸ்கிறீம் கடைக்கு வந்தோம். கடை வாசலில் படியோடு ஒரு சரிவும் இருந்தது. போன வருஷமே தாரிகா பார்த்து மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

சங்கவி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறினாள். ராகுலன் பின்னால் போகக் கால் எடுத்தான். தாரிகா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய மற்றக் கை என் கையை நெரித்துக்கொண்டிருந்தது. சனம் வழிவிடுவதும், கதிரை உள்ளே மறைவதும் தெரிந்தன. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

வந்துவிட்டாள். மடியில் ஒரு கோப்பை, மண்ணிறமாகக் குவிந்த சொக்கிலேற் ஐஸ்கிறீம்.

"எனக்கு எங்கை?" என்று கத்தினான் கபிஷன்.

"மடியிலை இடமில்லை. நீ போய் வாங்கு" என்றாள் சங்கவி, அசல் தாயின் குரலில். பிறகு தாரிகாவைப் பார்த்தாள். "அம்மா, அந்த அண்ணா என்னட்டையே கேட்டவர். என்ன வேணுமெண்டு."

காலையில் மாமாவுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தாரிகா, ஐஸ்கிறீம் கடை வாசலில், அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று அழுதாள். அழுதபடியே குனிந்து, "ஒழுகுது, கெதியாச் சாப்பிடு" என்றாள்.