குழி தேடி வந்தவர்

ஊர்க்கவுண்டர் இருந்தார். என் தம்பி இருந்தான். நான் இருந்தேன். எதிரே போளூரிலிருந்து வந்த அந்த நரைத்தலைக்காரர், என் நிலத்தைக் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார். அந்த நிலத்துக்கு என்னிடம் பட்டா கிடையாது.

“இன்னாத்துக்கு சார் அளக்கறீங்க?” என்று கவுண்டர் கேட்டார்.

“வெள்ளக்காரன் காலத்துல எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இங்க காட்டுல உத்தியோகங்க. காச்சல்ல செத்து, இந்தப் பாறைக்குக் கிழக்கால பொதைச்சதா பழைய ரெக்கார்டுல இருக்கு.”

“செத்தவரு பங்கு கேக்கறாரா?” என்றான் தம்பி.

அவர் சிரிக்கவில்லை. “பூ வெச்சிட்டுப் போய்டறேன்.”

வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அழுதார். பொய் அழுகையாகத் தெரியவில்லை.

திரும்பும்போது என் புளியமரங்களை விரல் மடக்கி எண்ணினார். குழி பார்க்க வந்தவருக்கு மரக்கணக்கு எதற்கு என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

பதினாறு மரம்.