வேறொரு கூரை

கடவுச்சொல் கேட்க வேண்டிய ஹார்ட் டிஸ்க் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பழைய சினிமாப் பாட்டுகளைத் திறந்து காட்டியது. அவன் மேலும் கீழும் தேடினான். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினான். அதே பாட்டுகள்.

அக்காவின் கணவர் பின்னால் வந்து நின்று, பாட்டு வரிசை எப்படி என்று கேட்டார். டூயட்டைத் தனியாகவும் சோகத்தைத் தனியாகவும் பிரித்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இதுதான் வேலை.

"இதுல இருந்ததெல்லாம் எங்க, அத்தான்?"

"அதுல ஒண்ணும் இல்லியேப்பா. செருகினேன். ஃபார்மட் பண்ணவான்னு அதுவே கேட்டுது. மரியாதையா கேக்குதேன்னு சரின்னுட்டேன்."

பூட்டிய டிஸ்க், அந்தப் பூட்டை அறியாத கம்ப்யூட்டருக்கு வெற்று டிஸ்க்தான். அது அவனுக்குத் தெரியும். அக்கா வீட்டு அலமாரியில் வைக்கும்போது அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணினிப் பிரிவில் இருந்தான். அன்றன்றைய கணக்குகளுக்கு நகல் எடுத்து, அதில் ஒன்றைத் தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. ஒரே கூரைக்குக் கீழே எத்தனை நகல் இருந்தாலும் அது ஒரு நகல்தான் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவனை டூப்ளிகேட் என்றார்கள். டூப்ளிகேட் லீவு போட்டால் யார் வருவார், ஒரிஜினலா என்று ஒரு பழைய சிரிப்பும் உண்டு.

அவனுடைய சொந்தச் சேமிப்பு என்று இருந்தது மகளின் வீடியோக்கள். அவள் பிறந்ததிலிருந்து, அவளுடைய அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது வரை. அப்போது அவளுக்கு ஆறு வயது. அந்த அம்மாவின் போன் எப்போதோ தொலைந்துவிட்டது. ஆகவே அந்தக் குழந்தை இப்போது அவனிடம் மட்டும்தான் இருந்தாள், லேப்டாப்பில் ஒன்றும் மேசை டிராயரில் ஒன்றுமாக. மாடி வீட்டுக் குழாய் உடைந்து மேசை மேல் தண்ணீர் கொட்டிய நாளில், தன் வீட்டுக்கும் ஒரே கூரைதான் என்பது அவனுக்கு உறைத்தது. மூன்றாவது நகல் எடுத்தான். கொடுத்து வைக்க வேறு வீடு எது என்று யோசித்தான். அக்கா வீடு ஒன்றுதான் வந்தது. மாதம் ஒருமுறை போய், திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அக்காவைப் பார்ப்பதும் அந்தச் சாக்கில்தான்.

அக்கா ஈரக்கையோடு வந்து முதலில் கணவரைத் திட்டினாள். அவர் பாட்டுகள் போய்விடுமா என்றுதான் கவலைப்பட்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"பூட்டிப் பூட்டி வச்சா உள்ள ஒரு புள்ள இருக்குன்னு யாருக்குடா தெரியும்?"

வெளியே கொடுக்கும் நகலைப் பூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று அவன் விளக்கினான். அக்கா காதில் வாங்கவில்லை. யாருடைய சாமானோ அவளிடமே கொடு, காலேஜ் போகிற பெண், அவளுக்கு வைத்துக்கொள்ளத் தெரியாதா என்றாள்.

அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தான். அவளுக்குப் பின்னால் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஹாஸ்டல் மெஸ். சாப்பிட்டாயா, பரீட்சை எப்போது என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான். ஒரு டிஸ்க் அனுப்புகிறேன், பத்திரமாக வைத்திருப்பாயா?

"இங்க எனக்கு ஒரு சின்ன அலமாரிதான்பா. தொலைஞ்சுரும். உங்ககிட்டயே இருக்கட்டும். அதான் பத்திரம்."

"என்கிட்ட மட்டும் இருந்தா பத்திரமில்லம்மா."

"ஏன், வீட்ல தொடறதுக்கு யார் இருக்கா?"

"யாருமில்ல. அதனாலதான்."

பாத்திரச் சத்தம் தள்ளிப் போனது. அவள் மெஸ்ஸை விட்டு வெளியே வந்திருந்தாள்.

"அதுல நான் என்னப்பா பண்றேன்?"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கிறாய், குளிக்க மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாய் என்று சொன்னான். அவள் சிரித்தாள். அந்த வீடு தனக்கு ஞாபகமே இல்லை என்றாள். டிஸ்க்கைப் பற்றி அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொன்னாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து அத்தானின் பாட்டுகளைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டான். நகல் எடுக்காமல் எதையும் அழிக்க அவன் கை வராது. டிஸ்க்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். பஸ் கூட்டமாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு போனான். படுக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. டிஸ்க்கில் இருந்த பாட்டுகளை அழித்து, வீடியோக்களை மறுபடி அதில் ஏற்றினான். இந்தத் தடவை பூட்டுப் போடவில்லை. ஏறி முடிய மதியம் ஆயிற்று. சிலவற்றைத் திறந்து பார்த்தான். ஓடின. மாலை அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அத்தானிடம் கொடுத்தான். அவர் அதை அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்கு இடையில் வைத்தார். அக்கா வரும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.